காயவிட்டால் போச்சு

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது ஓர் எண்: 140. செல்லுலோஸ் படிகத்தை அதன் நீளவாக்கில் இழுத்தால் அது காட்டும் விறைப்பு ஏறக்குறைய 140 ஜிகாபாஸ்கல். படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போடுகிற கண்ணாடி இழையின் விறைப்பு 70தான். எஃகு 200. ஆனால் எஃகின் அடர்த்தி 7.8; செல்லுலோஸுக்கு ஒன்றரைச் சொச்சம். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் செல்லுலோஸ் எஃகைவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. இவ்வளவு விறைப்பு கொண்ட பொருள் எங்கே கிடைக்கிறது என்றால் பருத்தியில், மூங்கிலில், புல்லில், எங்கள் தோட்டத்து வரப்பில் வெட்டிச் சாய்த்த வாழை மரத்தில்.

எங்களுக்குத் தொட்டியம் பக்கம். அப்பா போடுவது பெரும்பாலும் பூவன். வாழை ஒருமுறைதான் தார் போடும். தாரை இறக்கியதும் தாய் மரத்துக்கு வேலை முடிந்தது, பக்கக் கன்றுக்கு வழிவிட்டு அதை வெட்டிவிட வேண்டும். வெட்டிய மரத்தைத் தோட்டத்திலிருந்து அப்புறப்படுத்தக் கூலி தனி. கூலி கொடுத்து எறிகிற குப்பைக்குள் எஃகை மிஞ்சும் இழை இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேறு தலைப்பு தேடத் தோன்றவில்லை. வாழைத்தண்டிலிருந்து செல்லுலோஸ் நானோ இழை எடுப்பது, அதை எபாக்சி ரெசினில் கலந்து வலுவூட்டுவது. ஆராய்ச்சித் திட்ட விண்ணப்பத்தில் விவசாயக் கழிவு, பசுமை, விமானப் பாகம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்படி எழுதினேன். எழுதியதில் பொய் இல்லை. தேர்வுக் குழுவுக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பொருளைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அதன் கதையை எழுதி முடித்திருந்தேன்.

நாரையே அப்படியே ரெசினில் போட்டால் என்ன, ஏன் நானோ வரை போக வேண்டும் என்று கேட்கலாம். அதைச் செய்து பார்த்தவர்கள் நிறைய. திருவனந்தபுரத்திலும் கோட்டயத்திலும் தென்னை நார், வாழை நார், அன்னாசி நார் என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கண்ணால் பார்க்கிற ஒரு நார் ஒற்றை இழை அல்ல. பல செல்கள் சேர்ந்த கட்டு அது. செல்லின் நடுவில் வெற்றிடம் இருக்கும். சுவரில் செல்லுலோஸ் இழைகள் சாய்வாகச் சுற்றியிருக்கும். இடையிடையே லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்காவது ஒரு பலவீனமான இடம் இருந்தால் நார் அங்கே அறுந்துவிடும். ஆகவே முழு நாரின் விறைப்பு 140க்குப் பக்கத்தில்கூட வராது. அந்த எண் வேண்டுமென்றால் கட்டைப் பிரித்துப் பிரித்து, சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை தடிமன் உள்ள இழைவரை இறங்க வேண்டும். தலைமுடியின் குறுக்கே அப்படிப்பட்ட இழைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம்.

இதை முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் அமெரிக்காவில் ரேயோனியர் நிறுவனத்தில் இருந்த டர்பக், ஸ்னைடர், சாண்ட்பெர்க். 1970களின் இறுதியில் மரக்கூழைத் தண்ணீரில் கலந்து, பால் பண்ணையில் கொழுப்பை உடைக்கப் பயன்படுத்தும் ஹோமோஜினைசரில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கூழ் ஜெல்லாக மாறியது. அவர்கள் விமானத்தைப் பற்றி யோசிக்கவில்லை; உணவிலும் அழகு சாதனத்திலும் கெட்டிப்படுத்தும் பொருளாக விற்கலாம் என்று பார்த்தார்கள். ஆனால் இயந்திரம் அடைத்துக்கொண்டது, மின்சாரம் கொள்ளை கொள்ளையாகப் போனது. ஒரு டன் இழைக்கு 20,000 யூனிட்டுக்கு மேல் என்கிற கணக்கெல்லாம் பின்னால் வந்த கட்டுரைகளில் இருக்கிறது. அதனால் அந்த வேலை பல வருடம் தூங்கிவிட்டது.

அதை எழுப்பிய வழிகளில் ஒன்று டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாய், த்சுகுயுகி சாய்தோ இருவரும் 2006 வாக்கில் காட்டியது. டெம்போ என்கிற வினையூக்கியைக் கொண்டு இழைகளின் மேற்பரப்பில் மின்னேற்றம் கொண்ட கார்பாக்சில் தொகுதிகளை உண்டாக்கினார்கள். எல்லா இழைக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். லேசாகக் கலக்கினாலே 3, 4 நானோமீட்டர் தடிமனில் தனித்தனியாகப் பிரிந்துவிடும். 2015இல் இவர்களுக்கும் யோஷிஹாரு நிஷியாமாவுக்கும் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. வனப்பொருள் துறையில் அதற்கு மேல் பரிசு இல்லை.

எங்கள் லேபில் டெம்போ வாங்க வசதி இல்லை. பழைய வழிதான். தண்டின் மட்டைகளை உரித்து, நார் எடுக்கும் இயந்திரத்தில் விட்டு நாரை வாங்கினோம். தண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ தண்டில் ஒரு கிலோ காய்ந்த நார் தேறினாலே பெரிது. அந்த நாரை நறுக்கிக் காஸ்டிக் சோடாக் கரைசலில் 80 டிகிரியில் மணிக்கணக்காக வேகவைத்தால் கரைசல் காப்பி நிறத்துக்கு மாறும். அதை வடித்துக் கழுவிக் கழுவிக் காரம் போன பிறகு, சோடியம் குளோரைட்டையும் அசெட்டிக் அமிலத்தையும் போட்டு வெளுக்க வேண்டும். அப்போது மஞ்சளாக ஒரு வாயு எழும்பும். அது குளோரின் டையாக்சைடு, நெஞ்சை அடைக்கும். புகைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் லேபில் ஒருவர் நிற்க முடியாது. எங்கள் லேப் உதவியாளர் அண்ணன் முகர்ந்தே சொல்லிவிடுவார்: “மேடம், இன்னிக்கு வெளுக்கிற நாளா? நான் ஆபீஸ்ல இருக்கேன்.”

வெளுத்த கூழைத் தண்ணீரில் 1 சதவீதமாகக் கலந்து, இரண்டு கற்களுக்கு நடுவே அரைக்கும் ஜப்பானிய கிரைண்டரில் ஓட்டுவோம். வேறொரு நிறுவனத்தில் இருந்த இயந்திரம், முறை வாங்கிப் போய் அரைக்க வேண்டும். முதல் சுற்றுகளில் ஒன்றும் தெரியாது. சுற்று ஏற ஏறக் கூழ் தடித்து, ஒளிபுகும் வெண்மைக்கு வந்து, பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர், ஆனால் ஓடாது. வேகமாகக் குலுக்கினால் ஓடும், வைத்தால் மறுபடி உறையும். இந்த இழைகள் ஒன்றோடொன்று வலையாகப் பின்னித் தண்ணீரைக் கட்டிப்போட்டிருப்பதால் வருகிற குணம் அது. ஒரு டப்பாவில் வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, வண்டி வச்சு மரத்தை ஏத்திட்டுப் போனியே, கஞ்சியா காய்ச்சிக் கொண்டாந்திருக்க?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதில் 140 இருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இனிதான் விஷயமே. ஜெல்லில் உள்ளது தண்ணீர். எபாக்சி தண்ணீரோடு சேராது. ஆகவே இழையை எடுத்து ரெசினில் போட வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை விரட்ட வேண்டும். விரட்டுவதற்கு லேபில் இருக்கும் சுலபமான வழி அடுப்பு. ஜெல்லைத் தட்டில் பரப்பி ஓவனில் வைத்தால் காலையில் கொம்பைப் போன்ற கெட்டியான தகடு ஒன்று சுருண்டு கிடக்கும். அதை இடித்துப் பொடியாக்கி ரெசினில் கலக்கிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள், கட்டுரைகளும் வந்தன. ஆனால் அந்தப் பொடியில் நானோ என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ரெசினை மெல்லிய படலமாகத் தடவி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மணல் தெரிகிற மாதிரி குருணை தெரியும். எத்தனை நேரம் அல்ட்ராசானிக்கில் அடித்தாலும் அது பிரியாது.

காரணம் செல்லுலோஸின் மேற்பரப்பு முழுக்க இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள். ஈரமாக இருக்கும்வரை அவை தண்ணீரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் விலகினால் பக்கத்து இழையின் கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானதுதான், ஆனால் இழையின் நீளம் முழுக்க ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. மறுபடி தண்ணீர் விட்டாலும் பழையபடி ஊறாது. காகித ஆலைக்காரர்களுக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும். 1944இலேயே ஜெர்மனியில் யாய்மே என்பவர் இதை எழுதிவிட்டார். பழைய காகிதத்திலிருந்து செய்த காகிதம் புதுக்கூழ்க் காகிதம் அளவுக்கு வலுவாக இல்லாததற்கு இது முக்கியமான காரணம். நான் படித்த நானோ கட்டுரைகளில் யாய்மேயின் பெயரே இல்லை. நான் பாலிமர் பக்கத்திலிருந்து வந்தவள். காகிதப் புத்தகங்களைத் தொட்டதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிற அம்மாக்கள் காய்ந்த வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கட்டுவார்கள். நனைத்ததும் நார் இளகும், கை சொன்னபடி கேட்கும். சிறு வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, காய்ந்தால் என்ன, நனைத்தால் வந்துவிடும் என்ற எண்ணம் எனக்குள் ஆழமாக இருந்தது. நாருக்கு அது உண்மை. நாருக்குள் இருக்கும் இழைக்கு உண்மை இல்லை. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் அபே, இவமோத்தோ, யானோ மூவரும் 2007இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மரத்தூளிலிருந்து லிக்னினை நீக்கும்போது ஒரு கட்டத்திலும் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்தால், கிரைண்டரில் ஒரே ஒரு சுற்று ஓட்டினாலே 15 நானோமீட்டர் தடிமனில் சீரான இழைகள் கிடைக்கின்றன. அதைப் படித்த பிறகு எங்கள் லேப் ஃபிரிட்ஜில் ‘காயவிடாதீர்கள்’ என்று எழுதிய டப்பாக்கள் குடியேறின. நார் வாங்குகிற இடத்திலும் காய்ந்த நாரை நிறுத்திவிட்டு, மட்டையிலிருந்து எடுத்த ஈர நாரையே வாங்க ஆரம்பித்தோம்.

காயவிடாமல் எப்படி ரெசினுக்குள் கொண்டுபோவது? தண்ணீருக்குப் பதிலாக அசிட்டோனைப் புகுத்த வேண்டும். ஜெல்லில் அசிட்டோன் ஊற்றிக் கலக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே நிற்பதைக் கொட்டி, மறுபடி அசிட்டோன் ஊற்றி, இப்படியே பல தடவை. இழை எந்த நேரமும் ஏதோவொரு திரவத்தில் முழுகியே இருக்கும். பிறகு அசிட்டோனில் மிதக்கும் இழையை எபாக்சியோடு கலந்து, வெற்றிடத்தில் மெல்லச் சூடாக்கி அசிட்டோனை வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் மீந்துவிட்டாலும் அது ரெசினை இளக்கிவிடும். இழை கூட்டிய விறைப்பை அசிட்டோன் கழித்துவிடும். முழுதும் வெளியேற்றினாலோ கலவை இறுகிக் குழம்பாக நிற்கும், குமிழி வெளியே வராது. ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரை ஊற்றியபின் அரை மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அதற்குள் குமிழி எடுத்து அச்சில் ஊற்றியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை நான் செய்வதில்லை. நாங்கள் பயன்படுத்தியது அமீன் வகை ஹார்ட்னர். ஈரக்காற்றில் அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சாம்பிளின் மேல் வெள்ளையாக, பிசுபிசுப்பாகப் படியும். அதைத் துடைத்துவிட்டு அடுத்த அடுக்கை ஒட்டினால் ஒட்டாது. மழை பெய்தால் லேபில் நாங்கள் கணக்குப் போடுவோம், வரைபடம் வரைவோம்.

அந்த வரைபடத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இத்தனை சிரமப்பட்டு 1 சதவீத இழை கலந்த சாம்பிள்களைச் செய்து இழுவிசைச் சோதனைக்குக் கொடுத்தேன். வெறும் எபாக்சியின் விறைப்பு 3 ஜிகாபாஸ்கல். கலவையின் விறைப்பு 3.2 பக்கம் வந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். சோதனைக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு, கால் மணி நேர வேலை. எடையில் 1 சதவீதம் என்பது கன அளவில் 0.8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, ஏனென்றால் செல்லுலோஸ் எபாக்சியைவிடக் கனமானது. இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால் நாம் இழுக்கிற திசைக்கு அவற்றின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் உதவும். 140இல் 0.8 சதவீதம், அதில் ஐந்தில் ஒரு பங்கு: 0.22. எபாக்சியின் பங்கு 2.98. கூட்டினால் 3.2. இயந்திரம் சரியாகத்தான் சொல்லியிருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தால், இழை முழுசாகப் பிரிந்து, ரெசினோடு முழுசாக ஒட்டினால் கிடைக்கக்கூடியதே அவ்வளவுதான்: 7 சதவீதம். ஓவனில் காயவைத்த பொடியைப் போட்டவர்கள் 30, 40 சதவீதம் என்று எழுதியதை நான் எப்படி நம்பினேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நம்ப விரும்பினேன், வேறு காரணம் இல்லை.

7 சதவீதம் என்பது சாம்பிளுக்குச் சாம்பிள் வருகிற வித்தியாசத்துக்குள்ளேயே மறைந்துவிடும். தர விதிப்படி ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது 5 சாம்பிளை இழுக்க வேண்டும். ஒன்றில் குமிழி இருந்தாலோ, பிடியில் கோணலாக மாட்டினாலோ எண் கீழே போய்விடும். நான் எந்தச் சாம்பிளையும் விலக்கவில்லை. எண்ணையும் மாற்றவில்லை. நான் செய்தது வேறு. கம்ப வரைபடத்தின் செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 2.8இல் தொடங்கினேன். வெறும் எபாக்சியின் கம்பம் 0.2 உயரம், கலவையின் கம்பம் 0.4 உயரம். பார்க்கிறவர் கண்ணுக்கு விறைப்பு இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அச்சில் எண்கள் சரியாக அச்சிடப்பட்டிருந்தன, பிழைக்கோடுகளும் இருந்தன. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு கருத்தரங்கில் கைதட்டலே கிடைத்தது.

என் கைடு மட்டும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “அச்சை எங்கேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “ஏன்?” என்றார். “வித்தியாசம் தெரியணும்ல சார்” என்றேன். அவர் திட்டவில்லை. “வித்தியாசம் தெரியலேன்னா, தெரியலேங்கிறதுதானே ரிசல்ட்டு?” என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ஆய்வேட்டில் அந்தப் படம் பூஜ்யத்திலிருந்துதான் இருக்கிறது. இரண்டு கம்பமும் ஏறக்குறைய ஒரே உயரம். அதைப் பார்க்க எனக்கு ஆரம்பத்தில் அழுகையாக இருந்தது. இன்று எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் அச்சு எங்கே தொடங்குகிறது என்றுதான் கண் போகிறது. வியப்பூட்டும் அளவுக்குப் பல அச்சுகள் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை.

விறைப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த 1 சதவீதம் சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. உடைந்த சாம்பிளின் முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும். வெறும் எபாக்சி கண்ணாடியாக உடையும். வழவழப்பான முகம், நதிக்கோடுகள் மாதிரி சில கீறல்கள். விரிசல் எந்தத் தடையும் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். இழை கலந்ததன் முகம் கரடுமுரடாக இருக்கும். விரிசல் இழையில் முட்டி, வளைந்து, கிளைத்து, மறுபடி ஓடியிருக்கும். ஒவ்வொரு முட்டலுக்கும் கொஞ்சம் ஆற்றல் செலவாகிறது. கியோத்தோவில் டோஷிஷா பல்கலைக்கழகத்தில் ஒக்குபோ, ஃபுஜீ குழுவினர் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். கார்பன் இழைத் துணிக்கு ஊட்டுகிற எபாக்சியில் துளியளவு நுண்செல்லுலோஸைக் கலந்தால், திரும்பத் திரும்ப சுமை ஏற்றி இறக்கும்போது தகடு சீக்கிரம் களைத்துப்போவதில்லை. சுமையைத் தாங்கும் வேலை கார்பனுக்கு. கார்பனுக்கும் ரெசினுக்கும் நடுவே விரிசல் ஓடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை செல்லுலோஸுக்கு. நான் செல்லுலோஸைக் கதாநாயகனாக நினைத்து வந்தேன். அதற்கு ஏற்ற வேடம் வேறு.

சரி, விறைப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் தலைகீழாக நிற்க வேண்டும். ரெசினுக்குள் இழையைத் திணிப்பதை விட்டுவிட்டு, முதலில் இழையால் ஒரு தாள் செய்து அந்தத் தாளுக்குள் ரெசினைப் பாய்ச்சுவது. 2005இல் ஹிரோயுகி யானோ குழுவினர் பாக்டீரியா உண்டாக்கும் செல்லுலோஸில் இதைச் செய்தார்கள். தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியா வளர்த்துச் செய்யும் நாட்டா டி கோகோ என்கிற இனிப்பு இருக்கிறதே, அதே பொருள். அதை அழுத்திக் காயவைத்து, எபாக்சியை ஊட்டி இறுகவிட்டார்கள். 70 சதவீதம் வரை இழை இருந்தும் தகடு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தது. இழையின் தடிமன் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது என்பதால் ஒளி சிதறாது. சூட்டில் விரிவடைவதோ சிலிக்கான் படிகத்தின் அளவுக்குக் குறைவு. அதனால்தான் மடங்கும் திரைகளுக்கு இதைப் போடலாமா என்று மின்னணு நிறுவனங்கள் கூர்ந்து பார்த்தன.

கவனித்தீர்களா, இங்கே காயவைக்கிறார்கள். பொடியாக்கினால் எதிரியாக இருந்த அதே ஹைட்ரஜன் பிணைப்பு, தாளாகப் பின்னிய பிறகு எலும்புக்கூடாக நிற்கிறது. காயும்போது இழைகள் எங்கே, எந்த வடிவில் கைகோத்துக்கொள்கின்றன என்பதுதான் வித்தியாசம். நாங்களும் வாழை ஜெல்லை வடிகட்டி, ஈரத் தாளாக எடுத்து, அசிட்டோனில் ஊறவைத்து, அழுத்திக் காயவைத்து, மெதுவாக இறுகும் ஹார்ட்னர் சேர்த்த எபாக்சியை வெற்றிடத்தில் பாய்ச்சினோம். கியோத்தோ தகடு மாதிரி தெளிவாக வரவில்லை. வாழையில் ஒட்டியிருந்த மிச்சம் மீதியால் இளமஞ்சளாக இருந்தது, செய்தித்தாள் மேல் வைத்தால் தலைப்பு தெரிந்தது, பொடி எழுத்து தெரியவில்லை. விறைப்பு வெறும் எபாக்சியைவிட இரண்டு மடங்குக்கு மேல். இந்தப் படத்தை வரையும்போது அச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

விண்ணப்பத்தில் எழுதிய ‘பசுமை’ பற்றியும் ஒரு வார்த்தை. 1 சதவீதச் சாம்பிளில் மீதி 99 சதவீதம் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. இறுகிவிட்ட எபாக்சியை உருக்கி மறுபடி வார்க்க முடியாது, மண்ணிலும் மக்காது. இழைக்காக எரித்த மின்சாரம், வெளுக்கக் கொட்டிய குளோரைட், கழுவக் கொட்டிய தண்ணீர், காற்றில் போன அசிட்டோன், எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதினால் அந்த வாக்கியம் நிற்காது. தாள் முறையில் பாதிக்கு மேல் செல்லுலோஸ் என்பதால் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாம். நொதிகளை முன்கூட்டியே விட்டுக் கூழை இளக்கினால் மின்செலவு பெருமளவு குறைகிறது. ஸ்டாக்ஹோமில் 2011இல் தொடங்கிய முன்னோடி ஆலை அந்த வழியில் போனது. ஜப்பானில் 2019 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் செல்லுலோஸ் நானோ இழை சேர்த்த பாகங்களால் ஒரு காரையே செய்து நிறுத்தினார்கள். அதில் எபாக்சியைவிட உருக்கி வார்க்கக்கூடிய பிளாஸ்டிக்குகளுக்கே முக்கிய இடம். கூழைத் தனியாக நானோவாக்காமல், பிளாஸ்டிக்கோடு பிசையும்போதே இழையைப் பிரிக்கிற முறையைக் கியோத்தோவில் உருவாக்கியிருந்தார்கள். ஆனால் நானோ செல்லுலோஸ் கடைக்கு முதலில் வந்தது காராக இல்லை. பால்பாயின்ட் பேனா மையாக வந்தது, முதியோர் டயபரில் வாடை நீக்கும் தாளாக வந்தது. வைத்தால் உறையும், குலுக்கினால் ஓடும் என்று சொன்னேனே, எங்களை அச்சில் ஊற்றவிடாமல் படுத்திய குணம், அதற்காகவே பேனா நிறுவனம் காசு கொடுத்து வாங்கியது.

சென்ற ஆண்டு நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு செய்கிற பட்டறைக்குப் போயிருந்தேன். அவர்கள் போடுவது கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும். எபாக்சி அவர்களுக்கு விலை கட்டாது. இருந்தாலும் எங்கள் தகட்டை எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் அதை வளைத்துப் பார்த்தார், விளிம்பை நகத்தால் சுரண்டினார். “தண்ணில போட்டுப் பாத்தீங்களா?” என்றார்.

போட்டுப் பார்த்திருந்தோம். செல்லுலோஸ் தண்ணீரை மறப்பதில்லை. ரெசின் மூடிய பரப்பு பரவாயில்லை. அறுத்த விளிம்பு வழியாக ஈரம் ஏறி, தகடு ஓரத்தில் உப்பி, விறைப்பு இறங்கிவிடுகிறது. இழையின் ஹைட்ராக்சில் தொகுதிகளை அசெட்டைல் தொகுதிகளாக மாற்றினால் ஈரம் ஏறுவது குறையும். அதற்கு இன்னொரு வேதிவினை, இன்னொரு கழுவல், இன்னொரு செலவு. அவரிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன்.

“அப்ப கடலுக்கு ஆவாதும்மா,” என்றார். “மேல போடுற கூரைக்கு, பெட்டி மூடிக்கு வேணா பாக்கலாம். கிலோ என்ன வெல?”

விலையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, எனக்கு டீ சொல்லிவிட்டார். இப்போது வேறொரு வழியில் போய்க்கொண்டிருக்கிறோம்: அவர் வாங்குகிற அதே கண்ணாடி இழைத் துணியின் மேல் மிக மெல்லிய வாழை ஜெல்லைத் தெளித்து, அது காய்ந்து துணியோடு ஒட்டிய பிறகு ரெசின் ஊட்டுவது. கண்ணாடி சுமக்கட்டும், செல்லுலோஸ் விரிசலைத் தடுக்கட்டும் என்கிற ஏற்பாடு. ஒரு சதுர மீட்டருக்குச் சில கிராம் இழை போதும், விலையும் பெரிதாக ஏறாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்த சாம்பிள்களை மழைக்காலம் முடிந்ததும் இழுத்துப் பார்க்க வேண்டும்.